எடைச் சீட்டின் பின்பக்கம்

மண்டபத்து நண்டுக் கம்பெனியில்
எடை எழுதுகிறவள் நான்.
பேனா என்னிடம் இருந்ததால்
நடுவரும் நான்தான் என்றார்கள்.

கேள்வி நஸ்லூனுடையது.
உச்சத்தில் நின்ற நாளில்
ராப்பை அதிகம் ஆண்டவன் எவன்?
"உச்சம் மட்டுந்தான் கணக்கு.
தொப்பை போட்டப்புறம் பாடுனது சேராது."
சொல்லிவிட்டு, பதிலும் அவளே:
"ஒன்பதாம் கூண்டு."

தூத்துக்குடிப் பையன். புயல் கூண்டைப் பேராக வைத்தவன்.
அந்த வருசம் ஐஸ் லாரியில் அவன்,
பாலத்தில் நெரிசலில் நின்ற வேனில் அவன்,
கந்தூரிக்குப் பின்னால் வந்த பைக்குகளில் அவன்,
பல்லு டாக்டர் வீட்டு வரவேற்பறையில்கூட
சத்தத்தைக் குறைத்துக்கொண்டு அவன்.

கொடுக்கை நெரித்தபடி ஜெனோவா சிரித்தாள்.
"பதினோரு மாசம்! அதுக்குப் பேரு ஆட்சியா?
சவுக்குக்காடன் நாலு வருசம்டீ.
அவன் பாட்டு வர்ற வெள்ளிக்கிழமை
மத்தவன் எல்லாம் பாட்டைத் தள்ளிவெச்சான்.
பயந்தானுங்க. பயந்தாத்தான் ஆட்சி."

கோடு கிழித்தேன்: வருசம், பயம், மூச்சு.
மூச்சுக்குச் சோதனை வைத்தார்கள்.
நஸ்லூன் கூண்டின் பதின்மூன்றாம் வரியில்
இருமி, முகக்கவசத்தை இழுத்துவிட்டு,
"அவனுக்கு நண்டு ஆவி இல்லையே" என்றாள்.
அரை மதிப்பெண் கொடுத்தேன்.

முனீஸ்வரி அதுவரை வாய் திறக்கவில்லை.
"கச்சான்ல தெக்கடல் ஆடும்,
வாடையில வடகடல் ஆடும்.
எது பெருசுன்னு காத்தைத்தான் கேக்கணும்."
உவமைக்கு மார்க் கிடையாது என்றேன்.
அவள் என்னோடு சாயங்காலம்வரை பேசவில்லை.

சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தார்.
"வாய் கிழியுது, கையுறை கிழியுது,
எடைதான் ஏறக் காணோம்."

நாலு மணிக்கு இன்னாசி வந்தான்,
ஜெனோவாவின் அண்ணன், கூடையோடு.
தண்ணீர் சொட்டச் சொட்டத் தராசில் வைத்தான்.
"அண்ணே, உச்சத்துல யாரு?
கூண்டா, சவுக்கா?"

"கூண்டு ஆடுன ஆட்டம் நான் பாக்கலையே.
அதுல எட்டு மாசம்
யாழ்ப்பாணத்துல உள்ள இருந்தேன்ல."

ஜெனோவா ஓட்டை உடைப்பதை நிறுத்தவில்லை.
மெதுவாக உடைத்தாள்.

"அங்க ஒரு காவல்காரன்.
ராத்திரி செல்லுல ஒருத்தனைப் போடுவான். சிங்களம்.
பேரு தெரியாது, ஒரு சொல்லு விளங்காது.
எட்டு மாசமும் அவன் ஒருத்தன்தான்.
எனக்குக் கேட்டா அவன்தான்."

சொல்லிக்கொண்டே தராசு விளிம்பில்
நகத்தால் தட்டினான், அந்தத் தாளம்.
எண்கள் துள்ளின:
பதினாலு இருநூறு, பதினாலு அறுநூறு,
பதினாலு முந்நூற்று ஐம்பது,
மறுபடி இருநூறு.

"செல்லாதுண்ணே" என்றாள் நஸ்லூன்,
பாதிக் குரலில்.
எடை பதினாலு இருநூறு என்று எழுதினேன்.
சீட்டைத் திருப்பி, மூன்றாவதாக,
'பேர் தெரியாதவன்' என்றும் எழுதினேன்.
வருசம் என்ற கட்டத்தில்
என்ன போடுவதென்று தெரியவில்லை.

மறுநாள் தேநீர் நேரத்தில்
நஸ்லூன் செல்லோடு வாசலில் நின்றாள்.
இரவெல்லாம் தேடியிருக்கிறாள்.
"இவனாண்ணே?"
இல்ல.
"இவன்?"
இவன் குரல் தடிப்பு.
பத்தொன்பதாவது ஆளுக்கு
இன்னாசி தலையைச் சாய்த்தான்.
"தெரியலையே தாயி...
சுவருக்கு அந்தப் பக்கத்துலேருந்து வரணும்."

நஸ்லூன் ஒரு வார்த்தை பேசவில்லை.
செல்லை எடுத்துக்கொண்டு
குளிர் அறைக்குள் போய்க்
கதவை இழுத்துச் சாத்தினாள்.
வெளியே அவனும், நாங்கள் பத்துப் பேரும்,
கையில் தேநீர் ஆற,
காதைக் கொடுத்து நின்றோம்.