கடைசியாக நடப்பவள்

ஜனவரி முதல் தேதி, காலை பத்தரை மணி.
ஹ்ராபோவ்கா ரயில் நிலையத்தின் முன்னால்
இருபத்தாறு பேர், இரண்டு நாய்கள்.
ஊரைச் சுற்றி, காட்டைச் சுற்றி
மறுபடி இதே நிலையம்.
ஒரு மைலுக்குப் பத்துத் தரமாவது
மரத்தில் தெரியும் அடையாளம்:
இரண்டு வெள்ளைப் பட்டை, நடுவே ஒரு சிவப்பு.

பெட்ரிஹ் முன்னால் போகிறார்.
அத்தனையும் அவர் கையால் தீட்டியது.
இன்றும் பையில் ஒரு சின்ன பெயின்ட் டப்பா.
நான் பின்னால்.
யாரும் விடுபடாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு;
யாரும் கொடுத்ததில்லை,
மெதுவாக நடப்பதால் வந்து ஒட்டிக்கொண்டது.

கடைசியாக நடப்பவளுக்கு முகங்கள் கிடையாது.
முதுகுகள்தான்.
ஊரின் ஒரே மருந்துக்கடை என்னுடையது,
எனக்கு முதுகே போதும்.
நீலத் தொப்பிக்கு ரத்த அழுத்தம், காலையில் ஒன்று.
பச்சைக் கம்பளிக்குத் தூக்கம் வருவதில்லை.
ஒருவரையொருவர் முந்தப் பார்க்கும் அந்த இரண்டு பேரும்
முட்டிக்கு ஒரே களிம்பு வாங்குகிறார்கள்,
ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர்.
சொல்ல மாட்டேன்.
என் வாய்
குழந்தைகள் திறக்க முடியாத மூடி.

யர்மிலாவின் முதுகு சாம்பல் நிறம்.
அக்டோபர் வரை இரண்டு சீட்டு கொண்டுவருவாள்.
இப்போது ஒன்று.

உறைந்த குளம். மூடிய செங்கல் சூளை.
பனியில் கால் வைத்தால்
மாவுச்சத்தைக் கட்டைவிரலால் அழுத்தும் சத்தம்.
குடுவை மூடியில் பிளம் சாராயம்
கைமாறிக் கைமாறி என்னிடம் வரும்போது
வாசனை மட்டும் மிச்சம்.
கடைசியில் நடப்பவர்க்கு இதுவும் சம்பளம்.

சிறுவன் ஹினெக் நாயிடம் வழி கேட்கிறான்.
த்ரஹோமீராவுக்குப் பல் தந்தியடிக்கிறது,
அதற்கிடையிலும் மருமகளைப் பற்றிய பேச்சு நிற்கவில்லை.

பிறகு மேடு ஏறினோம்.
ஏறி நின்றால்
காடு இல்லை.

பட்டை வண்டு வந்தது தெரியும், நாலு கோடை ஆயிற்று.
லாரிகள் போனதும் தெரியும்.
கடைக்குள் நின்று தெரிந்துகொள்வது வேறு,
இப்படி எதிரே நின்று பார்ப்பது வேறு.
தளிர்மரங்கள் இருந்த சரிவு முழுக்க
பனித்தொப்பி போட்ட அடிக்கட்டைகள்.
மரத்தோடு அடையாளமும் போயிருந்தது.
"இடது பக்கம்" என்றார் பெட்ரிஹ்.
"வலது" என்றது நீலத் தொப்பி.
இருபது வருஷம் நடந்த வழியை
எல்லாரும் ஆளுக்கொரு திசையில் காட்டினார்கள்.

எண்ணினேன். இருபத்தைந்து.
மறுபடி எண்ணினேன்.
மணி மூன்றரை; வெளிச்சம் வற்றத் தொடங்கியிருந்தது.

சரிவின் விளிம்பில் நின்றிருந்தாள்.
அருகில் போனபோதுதான் கவனித்தேன்,
இந்த இடத்திலிருந்து ஊர் தெரிகிறது.
முன்பு ஒருநாளும் தெரிந்ததில்லை,
மரங்கள் மறைத்திருந்தன.
தேவாலயக் கூரை, பால் பண்ணை,
என் கடையின் பச்சைச் சிலுவை, கடுகளவு.
"அதோ மூன்றாவது வீடு" என்றாள்.
ஒரு சன்னல் மஞ்சளாக இருந்தது.
"சமையலறை விளக்கை அணைக்காமல் வந்துவிட்டேன்.
மறதி இல்லை."

அதற்குமேல் அவள் பேசவில்லை.
எனக்கும் ஒன்றும் வரவில்லை.
இதற்கென்று என்னிடம் அலமாரி இல்லை.

திரும்பி வந்தால்
பெட்ரிஹ் டப்பாவை அக்குளில் வைத்து
பெயின்ட்டை இளக வைத்துக்கொண்டிருக்கிறார்.
ஓர் அடிக்கட்டையைக் கையுறையால் துடைத்தார்.
வெள்ளை. சிவப்பு. வெள்ளை.
கோடு கொஞ்சம் கோணல்.
"ராத்திரியே பனி மூடிடும்" என்றான் ஹினெக்.
"ஏப்ரலில் தெரியும்" என்றார்,
தூரிகையை உதறிக்கொண்டே.

இடது பக்கமே இறங்கினோம்.
வலதுதான் சரி என்று இப்போதும் சொல்கிறது நீலத் தொப்பி.

நிலையத்துக்கு எதிர்ச் சாராயக் கடையில்
பூண்டு சூப், வறுத்த ரொட்டி, இருபத்தாறு பேர்.
முதன்முதலாக முகங்கள்;
எல்லா மூக்கும் சிவப்பு.
யர்மிலா என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.
"நாளைக்குக் கடை உண்டா?"
"எட்டு மணிக்கு."
"எனக்கு ஒன்றும் வேண்டாம்,
சும்மா கேட்டேன்" என்றாள்,
உப்புக் குடுவையை என் பக்கம் நகர்த்தியபடி.