தொடர்பில் இல்லை

வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்றார் டாக்டர் ஹஸ்லினா.
வாய்ப்புற்று. ஐந்தாண்டு. இருநூற்றுப் பன்னிரண்டு பேர்.
ஏர்கோன் தண்ணீர் வாளியில் சொட்டும் பதிவறையில்
காலையிலிருந்து எண்களை அழுத்திக்கொண்டிருக்கிறேன்.
சன்னலில் பினாங்கு மழை; கொம்தார் பாதிக்குமேல் காணோம்.

கட்டங்கள் நான்கு:
உயிரோடு. இறப்பு. நோய் திரும்பியது.
கடைசியில், தொடர்பில் இல்லை.

இறந்தவர்கள் எளிது.
மகன் எடுப்பான். தேதி கேட்டால்
தைப்பூசத்துக்கு முந்தின நாள் என்பான்.
"வேற ஏதாச்சும் வேணுமாக்கா?"
வேறெதுவும் வேண்டாம்
என்று சொல்லத்தான் வாய் கூசும்.

புக்கிட் மெர்தாஜாம் இருதயநாதனுக்கு
நாக்கில் பாதி சொந்தம்,
மீதி இடது முன்கைத் தோல்.
இரண்டாம் மாதம் கண்ணாடியில் பார்த்தாராம்,
நாக்கில் மயிர் முளைத்திருந்தது.
"சிரைக்கவா, வளர்க்கவா?"
அவர் எழுதிக் காட்டிய தாள்
கோப்பில் இன்னும் இருக்கிறது.
இப்போது பேசுகிறார். ழகரம் மட்டும் வராது.
"முன்ன மட்டும் வந்துச்சாக்கும்?
வாளப்பளம்னு கூவித்தானே முப்பது வருசம் வித்தேன்!"
உயிரோடு என்று குறித்தேன்.
சிரித்ததைக் குறிக்க இடமில்லை.

நிபோங் திபால் ராக்கம்மா
எடுத்தார், பேசவில்லை.
மூச்சு. பின்னால் ஏதோ சீரியலில் யாரோ அழுகிறார்கள்.
ஹலோ, ஹலோ என்று கத்தினேன்.
நாக்கு முழுவதும் அகற்றப்பட்டது என்று
மூன்றாம் பக்கத்தில் இருந்தது.
மூன்றாம் பக்கத்தை அப்புறம்தான் திருப்பினேன்.

அம்மா, ஆமாம்னா ஒரு தட்டு,
இல்லைன்னா ரெண்டு.
ராக்கம்மாதானே?
தட்டு.
சாப்பாடு குழாய் வழியாகவா?
தட்டு.
வலி இருக்கா?
தட்டு. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தட்டு.
இல்லை என்றாரா, இரண்டு மடங்கு என்றாரா?
பதினோராம் கேள்வி, இன்னும் வெற்றிலை போடுகிறீர்களா.
அதைக் கேட்காமல் தாண்டினேன்.
கேள்விகள் முடிந்த பிறகும்
தட்டிக்கொண்டே இருந்தார்,
ஐந்து, ஆறு, நிறுத்தி மறுபடி மூன்று.
நான் சொல்லிக்கொடுத்த மொழியில்
இரண்டுக்குமேல் எண்ணிக்கை கிடையாது.

டாக்டர் ஒருமுறை கோட்டை வரைந்து காட்டினார்.
மாடிப்படி மாதிரி, இறங்க மட்டும்.
ஒருவர் போனால் ஒரு படி.
சின்னப் புண்ணோடு வந்தவர்கள் கோடு
மேலேயே மெதுவாக நடக்கிறது.
பல்வலி என்று ஆறு மாதம் பனடோல் விழுங்கியவர்கள் கோடு
முதல் வருடமே தரையைத் தொடுகிறது.
போன பத்தாண்டுக் கோட்டைவிட
இந்தக் கோடு ஒரு விரலகலம் உயரம்.
அந்த விரலகலத்துக்குள்
ஒரு வாழைப்பழக் கடை திறந்திருக்கிறது,
சீரியலில் கல்யாணம் இன்னும் நடக்கவில்லை.

தொடர்பில் இல்லாதவர்களுக்குப் படி கிடையாது.
கோட்டின்மேல் சிறு கீறல் மட்டும்,
வேலிக்கம்பியில் முள் மாதிரி.
அதுவரை இருந்தார் என்று பொருள்.
முப்பத்தேழு கீறல்.

முப்பத்தெட்டாவது
லோரி ஓட்டுநர் சிம்மாத்ரி, அப்பளநாயுடு மகன்.
முப்பது நாள் கதிர்வீச்சில் இருபத்து நான்கு.
இருபத்தைந்தாம் நாள் படுக்கையில் பெயர் கூப்பிட்டார்கள்.
மாலை வரை கூப்பிட்டிருக்கிறார்கள்.
கைப்பேசி எண் சேவையில் இல்லை என்கிறாள்
மலாய்க்காரி, யாரையும் நோகாத குரலில்.

அவசரத்துக்கு என்று கொடுத்த எண்
பிறையில் ஒரு பட்டறை.
சீனக் கிழவர் எடுத்தார்.
"லோரி சிம்மா? துங்கு, துங்கு."
ரிசீவரை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.
இரும்பை அறுக்கிறார்கள்.
எங்கோ ஒரு நாய்.
ஐந்து மணிக்கு நான்கு நிமிடம்,
பக்கத்து மேசை ஷரிஃபா கைப்பையை மூடிவிட்டாள்,
"நாளைக்குப் பாரேன்" என்கிறாள்.

அறுப்பது நின்றது.
யாரோ செருப்பை இழுத்து நடக்கும் சத்தம்.
வருவதா போவதா தெரியவில்லை.

நான் வைக்கவில்லை.