நாலாவது ஆமை

பழுத்து வெடித்த ஒரு பாகற்காயை
அம்மா கழித்துப் போட்டாள்.
உள்ளே செக்கச்செவேல்.
விரலில் எடுத்து நக்கினேன்.
இனித்தது.
அதுவரை நான் வெறுத்த காய் அது.
சிவப்பு கரைந்தபின் நாக்கில் மிஞ்சியது விதை,
ஓடு செதுக்கிய சின்ன ஆமை.
மொத்தம் நாலு.

முக்கூடலில், பீடிக்கடைக்கு எதிர்ச் சந்தில்,
எங்கள் வீட்டுத் துவைகல்லுக்குப் பக்கத்தில்
ஒரு பழைய பெயிண்ட் டப்பா.
அடியில் ஆணியால் ஓட்டை போட்டு
வாய்க்கால் வண்டலை அள்ளி நிரப்பி
ஒரு விரல் ஆழத்தில் முதல் ஆமையை வைத்தேன்.

மறுநாள் காலையில் தோண்டிப் பார்த்தேன்.
தூங்கியது.
மத்தியானம் மணி அடித்ததும் ஓடிவந்து
இன்னொரு தடவை.
நாலாம் நாள் ஓடு லேசாக வாய் திறந்து
வெள்ளையாய் ஒரு நுனி.
வெளியே வரட்டும் என்று
நகத்தால் நிமிண்டி உதவி செய்தேன்.

“ஏட்டி, முளைக்கதுக்கு முன்னாலயே
எத்தன மட்டம் அடக்கம் பண்ணுவ?”
என்றாள் பிரம்மு அக்கா,
இலை வெட்டுகிற கத்தரியை நிறுத்தாமல்.

இரண்டாவதும் அப்படியே போனது.
மூன்றாவதை லூர்துமேரி வீட்டுக் கோழி.
நாலாவதைப் புதைத்த அன்று சாயந்தரம்
எனக்கு அம்மை போட்டது.

வேப்பிலைப் படுக்கை.
கதவிடுக்கில் நகரும் வெயில்.
சொறியாதே, சொறியாதே.
உடம்பெல்லாம் முத்து முளைத்துக்கொண்டிருந்தது.
டப்பாவில் என்ன நடக்கிறதென்று
கேட்டால் யாருக்கும் தெரியவில்லை.
எந்த டப்பா என்றாள் அம்மா.

மூன்றாம் தண்ணீர் ஊற்றிய காலையில்
மஞ்சள் மணக்கும் ஈரத்தலையோடு
துவைகல்லுக்குப் போனேன்.

இரண்டு இலை.
ஒன்றின் நுனியில்
கழற்ற மறந்த தொப்பிபோல் ஆமை ஓடு.

யார் தண்ணீர் விட்டது?
சோப்பு நுரை தெறித்திருக்கும்.
என்னைக் கேட்காமல்,
நான் ஒருதடவைகூடப் பார்க்காமல்.

முதலில் அழுகைதான் வந்தது.
அப்புறம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து
கைகளை முதுகுக்குப் பின்னால்
கோத்துக்கொண்டேன்.
அந்தத் தொப்பியைத் தொடாமல் இருப்பதற்கு
அத்தனை பலம் வேண்டியிருந்தது.

கொடி வீசத் தொடங்கியபோது
கடைக்காரர் கணக்குப் பார்த்துத் தருகிற
பீடி நூலில் ஒரு முழம் திருடி
ஓடுவரைக்கும் இழுத்துக் கட்டினேன். எட்டவில்லை.
அக்கா பார்த்துவிட்டாள்.
ஒன்றும் சொல்லாமல் இன்னொரு முழத்தை
அறுந்துபோன மாதிரி
என் பக்கம் நழுவவிட்டாள்.

ஆடியில் காய்த்தது.
அம்மா வறுத்தாள். நான் தின்னவில்லை.

இப்போதும் தின்பதில்லை.
பாளையங்கோட்டையில் மாடி வீடு, பதினாறு தொட்டி.
காயெல்லாம் கீழ்வீட்டுக்காரர்களுக்கு.
ஒன்றை மட்டும் பறிக்காமல் விட்டுவைப்பேன்,
வெடிக்கும்வரை,
அந்தச் சிவப்புக்காக.

விதை போட்ட மறுநாள் காலையில்
இந்த வயதிலும்
விரல் நுனி அரிக்கிறது.
சொறியாதே, சொறியாதே.