ஓட்டுநர் பக்கக் கதவு

மீனம்பாக்கத்தில், புறப்பாட்டு வாசலில்,
பெட்டியை இறக்கிவிட்டுச் சுற்றி வந்து
என் பக்கக் கண்ணாடியைத் தட்டினாள் எழில்நங்கை.
ஸ்விட்சை அழுத்தினேன்.
இறங்கவில்லை.
பின்னால் ஹாரன், முன்னால் விசில்.
அவள் வாய் அசைந்தது.
கை கீழே எதையோ காட்டியது.

பெரம்பூர் வீட்டுத் தண்ணீர் வரியை
யார் கட்டுவது என்று
வழியெல்லாம் சண்டை போட்டு வந்திருந்தோம்.
நானும் ஏதோ சொன்னேன், கண்ணாடியிடம்.
கியரைப் போட்டுவிட்டேன்.

தோஹாவில் இறங்கியதும் ஒரே வரி அனுப்பினாள்:
"கண்ணாடிய இறக்கக்கூட மனசு வரல, இல்ல?"

மறுநாள் காலை இறங்கியது.
ஏறியது, இறங்கியது, ஒன்பது முறை எண்ணினேன்.
மதியம் பாடி மேம்பாலத்தின் உச்சியில் மறுபடி செத்தது.
புதுப்பேட்டையில் முத்தலிப் கடைமுன் நிறுத்தியதும்
வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்கியது, சனியன்.

"நல்லாத்தானே இருக்கு?"
"சில நேரம் வராது."
"வராதப்ப கொண்டாங்க."
பணம் வாங்கவில்லை. திரும்பும்போது கூப்பிட்டார்:
"ராத்திரியில உள் லைட்டைப் போட்டுட்டு அழுத்திப் பாருங்க.
மங்குச்சுன்னா மோட்டர் மூச்சு முட்டுது.
மங்கலேன்னா கரண்டே போய்ச் சேரல."

நான்கு நாள் ஒழுங்காக வேலை செய்து
என்னைப் பொய்க்காரி ஆக்கியது.
ஞாயிறு இரவு, குளத்தூர், இரண்டு மழைக்கு நடுவே,
அழுத்தினேன். இறங்கவில்லை.
தலைக்கு மேல் மஞ்சள் விளக்கு
இமைகூடக் கொட்டவில்லை.
காய்ச்சல் ஏறியதற்கு இப்படி மகிழ்ந்தவள்
நானாகத்தான் இருப்பேன்.

ஃபியூஸ் முழுசாக இருந்தது.
கைப்பிடிக் குழிக்குள் ஒளிந்திருந்த திருகு,
பிறகு கிளிப்புகள், டப், டப்,
ஒன்று உடைந்து சாக்கடைக்குள் தெறித்தது.
கறுப்புப் பசையில் ஒட்டிய பாலிதீனை உரித்தால்
தண்டவாளம், கேபிள், கிரீஸ் பூசிய மோட்டர்,
எல்லாம் சம்பவ நேரத்தில் ஊரில் இல்லாதவை போல
அமைதியாக உட்கார்ந்திருந்தன.
ஸ்விட்ச் வரை வரவேண்டிய பன்னிரண்டு வோல்ட் மட்டும் வரவில்லை.

தார் ஒட்டி வீணாய்ப்போன ஒரு துப்பட்டாவில்
கையைத் துடைத்துக்கொண்டு
கதவுக்கும் தூணுக்கும் நடுவே பார்த்தேன்.
கம்பளிப்பூச்சி போல் மடிப்பு மடிப்பாய்
ஒரு ரப்பர் குழாய்.
அதற்குள்தான் கதவுக்குப் போகும் எல்லாக் கம்பிகளும்.
கதவு திறக்கும்போதெல்லாம் மடங்கும்,
சாத்தும்போதெல்லாம் நிமிரும்,
பதினொரு வருடமாக.

ரப்பரைப் பின்னுக்குத் தள்ளி
ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்தேன்.
பச்சை வளைய மறுத்தது. கறுப்பும்.
ரோஸ் நிறக் கம்பி மட்டும்
எலும்பில்லாத விரல் மாதிரி மடிந்தது.
தோலில் ஒரு கீறல் இல்லை.
இழுத்தேன், மிட்டாய் போல் நீண்டது.
உள்ளே இரண்டு செம்பு முனைகள், களிம்பேறி,
தொட்டும் தொடாமலும்.
கதவு இறுகச் சாத்தியிருந்தால் தொடும்.
ஒரு நூல் விலகினால் விட்டுவிடும்.

மூன்றாம் மாடி ஜெயசீலியிடம்
சால்டரிங் அயர்ன் இரவல் வாங்கினேன்.
ஒட்டுக்கு ஒட்டு இழுத்துப் பிடிக்காதபடி
ஒரு சாண் புதுக் கம்பி தளர்வாகக் கொடுத்து
ஈயம் வைத்தேன்.
கட்டைவிரலிலும் கொஞ்சம்.

கண்ணாடி இறங்கியது.
இந்த முறை நம்பினேன்.

வெட்டியெடுத்த துண்டைப் படமெடுத்து அனுப்பினேன்.
"என்ன இது, புழுவா?"
"அன்னிக்குக் கண்ணாடி இறங்காததுக்குக் காரணம்."
எழுதுகிறாள், நிறுத்துகிறாள், எழுதுகிறாள்.
"சரி. அன்னிக்கு உன் துப்பட்டா
கதவுல மாட்டி ரோட்டுல தொங்கிட்டிருந்துச்சு.
கதவும் சரியா சாத்தல.
அதச் சொல்லத்தான் தட்டினேன்."

கையிலிருந்த துணியை விரித்தேன்.
கிரீஸுக்குக் கீழே, ஓரம் முழுக்க,
மீனம்பாக்கத்திலிருந்து குளத்தூர் வரை
தரையில் இழுபட்டு வந்த தார்.

தண்ணீர் வரியைப் பற்றி
இருவருமே எழுதவில்லை.