இருபத்து நாலு மணி நேரம்

மார்பில் ஐந்து வயர்.
சட்டைக்குள் தீப்பெட்டி அளவில் ஒரு கணக்குப்பிள்ளை.
"வழக்கம்போல் இருங்கள், மதாம்" என்றாள் நர்ஸ் ஷாந்தல்.
ஆராய்ச்சியில் என் பெயர் நூற்றுப் பதினேழு.

வழக்கம்போல்தான் இருந்தேன்.
ரோஸ்ஹில்லுக்கும் போர்ட் லூயிசுக்கும் எட்டு நடை,
டிக்கெட், சில்லறைச் சண்டை, கால் வீக்கம்.
கொடுத்த குறிப்பேட்டில் எழுதினேன்:
6.40 – படியேறினேன்.
1.15 – தால்பூரி ஒன்று. (இரண்டு.)
4.10 –

4.10க்கு மகன் பெர்த்திலிருந்து பேசினான்.
வீட்டை விற்றுவிடலாமே, இனி யார் வரப்போகிறோம் என்றான்.
மழைக்கு எல்லாக் கண்ணாடியும் மூடியிருந்தது.
பின்சீட்டுக்குப் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு
"உட்கார்ந்திருந்தேன்" என்று எழுதினேன்.

இன்று தாளை மேசைமேல் விரிக்கிறாள்.
அந்த இடத்தில் மாட்டிக்கொள்வேன் என்று பயம்.
அங்கே ஒன்றுமே இல்லை,
மெஷின் தையல்போல் பிசகாத கோடு.
துரோகி.

விரல் நகர்ந்து விடியற்காலை மூன்றரையில் நிற்கிறது.
"இங்கே நாலு விநாடி துடிக்கவில்லை.
அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?"

தூங்கிக்கொண்டிருந்தேன்.

நாலு விநாடி.
எனக்குத் தெரியும் அது எவ்வளவு நேரமென்று.
அதற்குள் ஒரு ஆள்
மணியடிக்காமலே இறங்கிப் போய்விடலாம்.