சுடவில்லை

கோப்பில் மார்தேமூத்தூ என்றிருக்கிறது.
எந்தக் காலத்துக் குமாஸ்தாவோ
பிரெஞ்சுப் பேனாவால் மென்று துப்பிய மருதமுத்து.
கரும்பு லாரி ஓட்டுகிறவர். ஐம்பத்தாறு வயது.
ரோஸ் பெல் மருத்துவமனையில்
ஜன்னலில்லாத என் அறையில்
ஒரு காலுறையை மட்டும் கழற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

மற்றதையும், என்றேன்.
அதில் ஒன்றுமில்லை, என்றார்.
பெருவிரலுக்கு அடியில் இருந்தது,
ஒரு ரூபாய்க் காசளவு பள்ளம்.
மூன்று வாரமாம்.

வலிக்கவில்லையா?

சிரித்தார்.
தீயே சுடவில்லை, இதுவா வலிக்கும்.
பதினேழு வருஷமாய்க் குழி இறங்குகிறேன்.
முன்னெல்லாம் பல்லைக் கடித்துக்கொள்வேன்.
இந்த வருஷம்
ஓடைத் தண்ணீரில் நடந்த மாதிரி.
அம்மா என்னை ஏற்றுக்கொண்டாள்.

நாங்கள் பேசுவது கிரியோல்.
அம்மா என்ற இடத்தில் மட்டும் தமிழ்.

ஜெல் கொஞ்சம் குளிரும் என்று
எல்லோரிடமும் சொல்வதையே சொன்னேன்.
குளிரவில்லை என்றார் பெருமையாக.

கணுக்காலில் பட்டை சுற்றிக் காற்றடித்தேன்.
இருநூறு. இருநூற்றைம்பது.
நாடி மடங்கவேயில்லை.
பார்த்தாயா பலத்தை, என்றார்.
பலமில்லை ஐயா, சுண்ணாம்பு.
குழாய்ச் சுவர் கல்லாகிவிட்டது,
கல்லை எப்படி நசுக்குவது?
எண் மட்டும் நல்ல எண்ணாய் வந்து நிற்கிறது.

டாப்ளரை வைத்துச் சத்தத்தைக் கூட்டினேன்.
நல்ல காலில் ரத்தம்
மூன்று சொல் பேசும்:
ஒரு பாய்ச்சல், ஒரு பின்வாங்கல்,
போகிற போக்கில் ஒரு சின்னத் துள்ளல்.
இவர் காலில் ஒரே சொல்.
அதுவும் கதவிடுக்கில் நுழையும் காற்றுபோல
உஸ்ஸ் என்று, எழுத்தில்லாமல்.

மிஞ்சிய இனிப்பு
ரத்தத்தில் சும்மா மிதந்துகொண்டிருப்பதில்லை.
போகிற வழியெல்லாம் ஒட்டுகிறது.
விரி என்றால் விரிந்துகொண்டிருந்த உள்தோல்
சொன்னதை மறக்கிறது.
மயிரிழைக் குழாய்கள் ஒவ்வொன்றாய்த் தூர்ந்துபோக
நரம்புக்குச் சோறு போவது நிற்கிறது.
பசித்த நரம்பு முதலில் எரியும்,
எறும்பு ஊரும், ஊசி குத்தும்.
அதற்குப் பிறகு பேச்சில்லை.

நான் இதையெல்லாம் இத்தனை சொல்லவில்லை.
ஒட்டுகிறது என்றதுமே அவர் பிடித்துக்கொண்டார்.
ஆலையில் பாகு காய்ச்சும் குழாய்களில்
செதில் கட்டும்.
அறுவடை நடுவிலேயே நிறுத்திச் சுரண்டுவார்கள்.
வெளியே லாரிகள் வரிசையில் காத்துக் கிடக்கும்.

கொஞ்ச நேரம் அந்த உஸ்ஸைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

என்னை யாரும் நிறுத்தவேயில்லையே, என்றார்.

அப்படியானால் தீ?

பதில் சொல்லவில்லை நான்.
அம்மாவிடம் எனக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு,
என் மேஜை இழுப்பறையிலும்
விரல் குத்தும் ஊசி ஒன்று உண்டு.
குனிந்து, கணுக்காலுக்குப் பின்பக்கம் தேடினேன்.
எலும்பை ஒட்டி, ஆழத்தில்,
இன்னொரு குழாயில் ஒன்றரைச் சொல் கிடைத்தது.
அறுவை மருத்துவருக்கு
அதை அடிக்கோடிட்டு எழுதினேன்.

செவிலி வந்து புண்ணைக் கட்டினாள்.
இனி வெறுங்கால் கூடாது, வீட்டுக்குள்ளும்.
செருப்போ பூட்ஸோ
போடுமுன் தட்டிப் பார்க்கவேண்டும், தினமும்.
சரி, சரி என்று
எரிச்சலோடு இடது பூட்ஸைக் கவிழ்த்துத் தட்டினார்.

ஒரு நட்டு விழுந்தது.
லாரியுடையது. துருப்பிடித்த ஆறு முனை.
உருண்டுபோய் என் நாற்காலிக் காலடியில் நின்றது.

அதை எடுத்து
உள்ளங்கையில் வைத்து
விரல்களை மெல்ல மூடி அழுத்திப் பார்த்தார்.

கையில் இன்னும் தெரிகிறது, என்றார்.