அரை அடி

எஷ்ரெஃப் ஓடுவதை நான் எப்போதும்
பக்கவாட்டில்தான் பார்த்திருக்கிறேன்.
ஒரு மூக்கு, ஒரு காது,
முன்னே நீளும் முழங்கால்.
கோட்டோரம் கொடி பிடிப்பவனுக்கு
அவ்வளவுதான் கொடுப்பினை.

ஸவிதோவிச்சி, மாக்லாய், தொபோய்.
போஸ்னா ஆறு போகும் வழியெல்லாம் மைதானங்கள்.
மரத்தூள் வாசம், இரண்டாம் டிவிஷன்,
முதுகில் ஒன்பது.
பந்து கிளம்புமுன் கிளம்பிவிடுவான்.
கல்யாணத்துக்கு மட்டும்தான் தாமதமாக வந்தானாம்,
ஸும்ரெதா சொல்லிச் சிரிப்பாள்.
நான் கொடியை உயர்த்துவேன்.
அவன் திட்டுவான்: என் கண்ணை, என் குலத்தை,
எனக்குக் கண்ணாடி விற்றவனை.
நான் கண்ணாடி போட்டதே இல்லை.

தொண்ணூறு, அக்டோபர், தொபோயில் மழை.
நாலாவது வரிசையில் தோல் கோட்டு போட்ட இருவர்
ஸாக்ரெப்பிலிருந்து வந்து
சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார்கள்.
அவனைப் பார்க்கத்தான் வந்தார்கள் என்று
பந்து பொறுக்கும் பையன்களுக்கும் தெரியும்.
எண்பத்தேழாம் நிமிடம்
ஸ்லவென் இடதுபக்கமிருந்து தள்ளிய பந்து
சேற்றில் வழுக்கிப் போனது.
வலை அசைந்தபோது
என் கை ஏற்கெனவே மேலே இருந்தது.

கண் வந்து சேர்ந்தது பிறகுதான்:
அரை அடி உள்ளே இருந்தான்.

இறக்கியிருக்கலாம்.
தூக்கிய கொடியை யாரும் இறக்குவதில்லை.
கோட்டுக்காரர்கள் மடியிலிருந்த உமியைத் தட்டிவிட்டு
ரயிலுக்கு எழுந்துபோனார்கள்.

பதினெட்டு மாதம் கழித்து
ஊருக்கு ஊர் வேறு கோடுகள் விழுந்தன.
அவற்றுக்கு ஒருவனும் கொடி பிடிக்கவில்லை.
ஸ்லவென் எந்தப் பக்கம் போனான் என்று
இருவிதமாகச் சொல்கிறார்கள்.
திரும்பவில்லை என்பது மட்டும் ஒரேவிதம்.

எஷ்ரெஃப் ஆஸ்திரியாவில் இருந்தான், ஷ்டையர் பக்கம்.
காலையில் டயர் கிடங்கு, மாலையில் மூன்றாம் டிவிஷன்.
முழங்காலை இரண்டு முறை அறுத்தார்கள்.
முப்பத்துநான்கில் திரும்பி வந்து
கழுத்தில் விசிலைக் கட்டிக்கொண்டான்.
பதினோரு வருடம், ஆறு கிளப்.
வெந்நீர் வராத குளியலறை,
இரண்டு மாதச் சம்பள பாக்கி,
மலைப்பாதையில் மூச்சுவாங்கும் பேருந்து.
இறுதி நாளில் கீழே விழாமல் மூன்று அணிகளைக் காப்பாற்றினான்.
இரண்டைக் காப்பாற்றவில்லை.
இன்னொன்று அவன் இருக்கும்போதே கடையை மூடியது.

அப்போது நான் நான்காம் நடுவர்.
பயிற்சியாளர் நிற்க ஒரு கட்டம் போட்டிருப்பார்கள், விட்டுவிட்டு வெள்ளைக் கோடு.
“எஷ்ரெஃப், கோட்டுக்குள்ளே.”
இதைச் சொல்வதுதான் என் வேலை.
அவனுடைய பையன் பந்தை அடிக்க ஓங்கினால்
இவன் வலது கால் காற்றை உதைக்கும்.
ஒருமுறை தண்ணீர் பாட்டிலை உதைத்தான்.
பாட்டில் என் சப்பாத்தில் வந்து விழுந்தது,
குறி தப்பவில்லை.

மார்ச்சில் அவனை நீக்கினார்கள்.
டைல்ஸ் கடை வைத்திருக்கும் தலைவர்
போனில் சொன்னார், நாற்பது நொடி.
அன்றே ஷெப்ச்சே பெட்ரோல் பங்கில் அவனைப் பார்த்தேன்.
கார் டிக்கியில் ஆரஞ்சுக் கூம்புகள்.
“இவை கிளப்புடையவை இல்லை, என்னுடையவை” என்றான்,
நான் கேட்காமலே.

காப்பி வந்தது. சொன்னேன்.
முப்பது வருடமாக நாக்கின் அடியில் கிடந்ததை
ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்:
மழை, ஸ்லவென், தோல் கோட்டுகள், அரை அடி.

சர்க்கரைக் கட்டியின் ஓரத்தைக் காப்பியில் நனைத்துக்
கடித்துக்கொண்டே கேட்டான்:
“எந்தக் கோல்?”

மறுபடி சொன்னேன்.
உதட்டைப் பிதுக்கினான்.
“ஞாபகமில்லை, கொடி.
மாக்லாயில் ஒன்று தூக்கினாயே, பனி நாளில்,
அது நன்றாக ஞாபகம் இருக்கிறது.
அது ஆஃப்சைடுதான். சரியாகத்தான் தூக்கினாய்.
அதற்குத்தான் உன்னை
இன்னும் மன்னிக்கவில்லை.”

வெளியே லாரிகள் போய்க்கொண்டிருந்தன.
பர்ஸைத் தேடி நான் பையில் கைவிடுமுன்
காசு கொடுத்துவிட்டிருந்தான்.
முந்திவிட்டான்.
என் வலது கை மேசைக்கு மேலே
கொஞ்சம் எழும்பியதைப் பார்த்து
சிரித்தானா என்று தெரியவில்லை.
பக்கவாட்டில்தான் உட்கார்ந்திருந்தேன்.